நடுவரில்லா வழக்கு: ஆதித்த கரிகாலன் கொலையும் ‘பொன்னியின் செல்வன்’ ரசிகர் விவாதமும்

முன்னுரை

புதினம் ஒன்று திரைப்படமாகும்போது ரசிகர்களிடையே எழும் பேச்சு பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி நிகழ்வதாகத் தோன்றும். படம் நூலுக்கு உண்மையாக இருக்கிறதா என்பதே அவ்வினா. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022 செப்டம்பர் 30 அன்றும் 2023 ஏப்ரல் 28 அன்றும் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபோது, சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தொராண்டோவிலும் இலண்டனிலும் தமிழர் வீடுகளில் இவ்வினா ஓயாமல் பேசப்பட்டது. மணிமேகலை எங்கே, சேந்தன் அமுதனின் பிறப்புக் கதை எங்கே, கரிகாலன் இறக்கும் காட்சி இப்படியா என்று கேட்டவர்களும், ஏறத்தாழ ஐந்தரை மணிநேரத்தில் 293 அத்தியாயங்களை வேறு எப்படிச் சொல்ல முடியும் என்று விடை கூறியவர்களும் தலைமுறை வேறுபாடின்றி எதிரெதிரே அமர்ந்தனர்.

இவ்விவாதத்தை வெறும் ரசனை வேறுபாடாகக் கருதி ஆய்வுலகம் ஒதுக்கிவிடுவதுண்டு. இக்கட்டுரை அதை வேறு கோணத்தில் அணுகுகிறது. ‘பொன்னியின் செல்வன்’ வரலாற்றுப் புதினம் என்றே வகைப்படுத்தப்படுகிறது. ஆயினும் அதன் நடுநாடியாக அமைவது ஒரு கொலை மர்மம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்னும் கேள்விக்குக் கல்வெட்டு ஒருவகை விடையையும், புதினம் மற்றொரு வகை விடையையும், திரைப்படம் மூன்றாவது வகை விடையையும் தருகின்றன. ரசிகர் விவாதத்தின் சூடு இம்மூன்றுக்கும் இடைப்பட்ட வெளியிலிருந்தே எழுகிறது. ‘படம் நூலைப் போல இல்லை’ என்னும் குறைபாட்டின் அடியில், ‘தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு உரியது’ என்னும் கேள்வி உறைந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கல்வெட்டு சொல்வதும் சொல்லாததும்

சுந்தர சோழனின் மூத்த மகனும் வீரபாண்டியனின் தலைகொண்டவன் எனத் தன் கல்வெட்டுகளில் சிறப்பிக்கப்பெறுபவனுமான ஆதித்த கரிகாலன், கி.பி. 970ஐ ஒட்டிய ஆண்டுகளில் மறைந்தான். அவனுக்குப் பின் அரியணை ஏறியவன் தம்பி அருள்மொழிவர்மன் அல்லன்; கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் மகனான உத்தம சோழனே ஏறினான். அருள்மொழி, அதாவது முதலாம் இராசராசன், 985இல்தான் பட்டத்துக்கு வந்தான்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், இராசகேசரி ஒருவனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு உள்ளது. அவ்விராசகேசரி இராசராசனே என்பது பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என அது சோமனையும், அவன் தம்பியான இரவிதாசன் என்னும் பஞ்சவன் பிரமாதிராசனையும், அவன் தம்பியான பரமேசுவரன் என்னும் இருமுடிச்சோழ பிரமாதிராசனையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. அவர்களுடையவும் அவர்தம் உறவினருடையவும் உடைமைகளைப் பறிமுதல் செய்வது குறித்து வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அனுப்பப்பட்ட அரசாணையைப் பற்றியது அக்கல்வெட்டு.

கொலையாளிகளின் பெயர்களே கிடைத்த பின்னும் வழக்கு முடியவில்லை. கொலை எங்கு நிகழ்ந்தது, எவ்வாறு நிகழ்ந்தது, எதன்பொருட்டு நிகழ்ந்தது, பின்னிருந்து ஏவியவர் எவரேனும் உண்டா என்பவற்றைக் கல்வெட்டு கூறவில்லை. அது கூறுவது நிலம் பற்றிய செய்தி. கொலை அதற்குரிய காரணமாக மட்டுமே குறிப்பிடப்படுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடுகள், கரிகாலனின் மறைவுக்குப் பின் குடிமக்கள் அருள்மொழியை ஆட்சியேற்க வேண்டியதாகவும், தன் சிறிய தந்தைக்கு ஆட்சிமேல் விருப்பம் உள்ளவரை தான் அதனை விழைவதில்லை என அவன் மறுத்ததாகவும் கூறுகின்றன.

இவ்விரு சான்றுகளையும் இணைத்துப் பார்த்த கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, உத்தம சோழனுக்கு இக்கொலையில் பங்கு இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார். கொலைக்குப் பின் ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் ஆண்டவன் உத்தமன். நடவடிக்கை பற்றிய செய்தி கிடைப்பதோ இராசராசன் காலத்தில். அவருடைய ஐயத்துக்கு அடிப்படை இதுவே. தி.வை. சதாசிவ பண்டாரத்தார் 1949இல் வெளிவந்த தம் ‘பிற்காலச் சோழர் சரித்திர’த்தில் இவ்வையத்தை மறுத்து உத்தமன் குற்றமற்றவன் என நிறுவ முயன்றார். உடையார்குடிக் கல்வெட்டு, தண்டனையின் இறுதிக் கட்டத்தை மட்டுமே காட்டுவதாக இருக்கலாம், முதற்கட்ட நடவடிக்கை முன்னரே நிகழ்ந்திருக்கலாம் என்னும் கருத்தும் பின்னர் முன்வைக்கப்பட்டது. ஆக, 1950 அக்டோபர் 29 அன்று ‘கல்கி’ இதழில் தொடர் தொடங்கியபோது, இது ஆய்வாளரிடையே முடிவு எட்டப்படாத வழக்காகவே இருந்தது.

விளக்கு அணைந்த அறை

முடிவு தெரிந்த கதையில் விறுவிறுப்பை எவ்வாறு உண்டாக்குவது என்பது மர்மக்கதை எழுதுவோர் அனைவரும் எதிர்கொள்ளும் சிக்கல். ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரான்சுவா துரூஃபோவுடன் நிகழ்த்திய புகழ்பெற்ற உரையாடலில் இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பதை அறியாமல் இருவர் பேசிக்கொண்டிருக்கின்றனர். குண்டு திடீரென வெடித்தால் பார்ப்போருக்குக் கிடைப்பது நொடிநேரத் திகைப்பு. குண்டு இருப்பது பார்ப்போருக்கு முன்பே தெரிந்திருந்தால் பேச்சு நீளும் அவ்வளவு நேரமும் பதைப்பு. கரிகாலன் கொல்லப்படுவான் என்பது வரலாறு அறிந்தோர்க்குத் தெரிந்ததே. கல்கி இதை மறைக்க முயலவில்லை. மூன்றாம் பாகத்துக்குக் ‘கொலைவாள்’ என்றே பெயரிட்டு, அவ்வாளை நந்தினியின் கையில் கொடுத்து, அது எப்போது பாயும் என்று வாசகரைப் பல மாதங்கள் காத்திருக்க வைத்தார். இது பதைப்பின் வழி.

ஆனால் கொலை நிகழும் கணத்தில் கல்கி அவ்வழியை விட்டு விலகுகிறார். கடம்பூர் மாளிகையில் நந்தினியின் அறையிலும் அதன் மறைவிடங்களிலும் நந்தினி, வந்தியத்தேவன், மணிமேகலை, மாற்றுவேடத்தில் வந்த பெரிய பழுவேட்டரையர், சுரங்கவழியே வந்த சதிகாரர் எனப் பலர் இருக்கின்றனர். விளக்கு அணைகிறது. இருளில் கரிகாலன் உயிர் பிரிகிறது. அதுவரை எங்கும் உடன்வந்து, வாசகரை அழைத்துப் பேசி, ஒவ்வொரு பாத்திரத்தின் மனத்தையும் திறந்துகாட்டிய கதைசொல்லி, அந்தக் கணத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார். பதைப்புக் கதையாக வளர்ந்தது அங்கே புதிர்க் கதையாக மாறுகிறது.

பின்வருவன அனைத்தும் வாக்குமூலங்கள். பிணத்தருகே காணப்பட்டதால் வந்தியத்தேவன் மீது பழி விழுகிறது. அவனைக் காக்கும் பொருட்டு மணிமேகலை தானே கொன்றதாகக் கூறுகிறாள். இறுதியில் பெரிய பழுவேட்டரையர் தம் கையே காரணம் என்று குற்றத்தை ஏற்றுத் தம் உயிரையும் முடித்துக்கொள்கிறார். கதையின் போக்கில் இவ்வாக்குமூலம் ஏற்கப்படுகிறது, வந்தியத்தேவனும் விடுபடுகிறான். ஆயினும் வாசகர் இதை முழுமையாக ஏற்றதில்லை. இருளில் வீசிய கத்தி எவர்மேல் பாய்ந்தது என்பதை வீசியவரே எவ்வாறு அறிவார்? நந்தினியின்மீது அவர் கொண்ட பற்று, தாமே சதிக்கு இடந்தந்தோம் என்னும் குற்றவுணர்வு, இளையவன் ஒருவனைக் காக்கும் பெருந்தன்மை ஆகிய மூன்றுமே பொய்யான ஒப்புதலுக்குப் போதிய காரணங்கள். உண்மையான குற்றவாளி இரவிதாசன் என்பாரும், நந்தினி என்பாரும், சாவை நாடிச்சென்ற கரிகாலனே என்பாரும் நூலுக்குள்ளேயே தத்தமக்குரிய சான்றுகளைக் காட்ட முடிகிறது.

இது கல்கியின் கைப்பிழை என்பாரும் உளர். கல்வெட்டின் நிலையை நோக்கினால் அவ்வாறு தோன்றவில்லை. இரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்னும் கல்வெட்டுப் பெயர்களைச் சதிகாரருக்கு அப்படியே சூட்டி, அவர்களைப் பாண்டியனின் ஆபத்துதவிகளாகப் படைத்து, கொலை நிகழும் இடத்தில் நிறுத்தியிருக்கிறார். ஆனால் கொன்ற கை எது என்பதைச் சொல்லவில்லை. கல்வெட்டு எங்கே மௌனமாகிறதோ அங்கே புதினமும் இருளைப் பரப்புகிறது. வரலாறு தராத உறுதியைப் புனைவு தருவதாகப் பாசாங்கு செய்யவில்லை.

தமிழரின் பொதுவாழ்வில் இதற்கு நெருங்கிய வடிவம் பட்டிமன்றம். இரு அணியினரும் ஒரே நூலிலிருந்து எதிரெதிரான முடிவுகளுக்குச் சான்று காட்டுவர். கல்கி அமைத்த பட்டிமன்றத்தில் அணிகள் உண்டு, சான்றுகள் உண்டு, நடுவர் மட்டும் இல்லை. 1954 மே 16 அன்று தொடர் நிறைவுற்றபோது, பாத்திரங்கள் சிலருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்னும் வாசகர் வினாக்களுக்கு விடையாக முடிவுரை ஒன்றை அவர் எழுத நேர்ந்ததும் இதனோடு எண்ணத்தக்கது. விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’ போன்ற தொடர்ச்சிகளும், கொலைக்கு வேறு விடை காணும் காலச்சக்கரம் நரசிம்மாவின் ‘சங்கதாரா’ போன்ற புதினங்களும் அந்த வெற்றிடத்திலிருந்து முளைத்தவையே.

திரை நடுவராகும்போது

இவ்வாறு திறந்து விடப்பட்ட வழக்கைத் திரை எவ்வாறு எடுத்துக்கொள்ளும்? எழுத்தில் விளக்கை அணைப்பது எளிது, காட்சிக் கலையான சினிமா காட்டியே ஆகவேண்டும் என்னும் விடை பரவலாகக் கூறப்படுகிறது. தமிழ்த் திரை வரலாறே இதை மறுக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ தொடர் நிறைவுறுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு, 1954 ஏப்ரல் 13 அன்று, எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வெளிவந்தது. ஜாவர் சீதாராமன் எழுதிய அப்படம் பாடல்களின்றி அமைந்தது. தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறக்கும் வானொலிப் பொறியாளரைப் பற்றி அண்டை வீட்டார், உடன்பிறந்தார், மனைவி எனப் பலரும் தத்தம் பார்வையில் கூறுவனவெல்லாம் அடுத்தடுத்துக் காட்சிகளாகின்றன. அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950) இதற்குத் தூண்டுதலாகச் சுட்டப்படுவது வழக்கம். அப்படமும் அகுதகாவாவின் சிறுகதைகளிலிருந்து உருவானதே. ‘அந்த நாள்’ இறுதியில் உண்மையை அவிழ்த்துவிடுகிறது; ‘ரஷோமோன்’ அந்த அளவுக்கு அவிழ்ப்பதில்லை. எனவே முரண்படும் வாக்குமூலங்களைத் திரையில் நிறுத்துவது இயலாத செயலன்று. காட்டுவதும் மறைப்பதும் இயக்குநரின் தெரிவு.

தமிழ் வாசகரும் பார்வையாளரும் இதற்குப் பழகாதவரும் அல்லர். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ 1935லேயே படமானது. அவருடைய ‘திகம்பர சாமியார்’ 1950இல், கல்கி தொடரைத் தொடங்கிய அதே ஆண்டில், மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வந்தது. நாமக்கல் கவிஞரின் ‘மலைக்கள்ளன்’ 1954இல் வந்து பெருவெற்றி பெற்றது. மர்மப் புதினம் திரைக்குச் செல்வதும், நூலைப் படித்தவர் படத்தை எடைபோடுவதும் தமிழ்ச் சினிமாவின் தொடக்கக் காலத்திலிருந்தே உள்ள வழக்கம்.

‘பொன்னியின் செல்வ’னோ திரையேற நெடுங்காலம் காத்திருந்தது. 1958இல் எம்.ஜி.ஆர். எடுத்த முயற்சி நிறைவேறவில்லை. 1999இல் மேஜிக் லாண்டர்ன் குழு அதனை மேடையேற்றியது. அந்நாடகத்துக்கு எழுத்து வடிவம் தந்த குமரவேலே பின்னர் மணிரத்னம், ஜெயமோகன் ஆகியோருடன் படத்தின் திரைக்கதையிலும் பங்கேற்றார்.

மணிரத்னத்தின் படம் கரிகாலன்–நந்தினி உறவைக் கதையின் முதுகெலும்பாக்குகிறது. நூலில் பிறர் வாய்மொழியாகவும் நினைவாகவும் சிதறி வரும் அவர்களின் இளமைக் காதலை, இரண்டாம் பாகத்தின் தொடக்கத்திலேயே நேர்க்காட்சியாக வைக்கிறது. கடம்பூர்க் காட்சியில் இருவரும் எதிரெதிரே நிற்கின்றனர். நந்தினியின் கையிலுள்ள கத்திக்குக் கரிகாலன் தன்னைத்தானே ஒப்புக்கொடுக்கிறான். பார்ப்போருக்கு ஐயம் எழ இடமில்லை. வந்தியத்தேவன்மீது பழி விழும்போது அவன் குற்றமற்றவன் என்பதை அரங்கம் முழுவதும் அறியும். ஹிட்ச்காக்கின் சொல்லில், கல்கி கைவிட்ட பதைப்பின் வழியைப் படம் இறுதிவரை தொடர்கிறது.

இதனால் விளைந்த ஆக்கமும் இழப்பும் ஒருங்கே கணக்கிடத்தக்கவை. ‘யார்’ என்னும் வினா ‘ஏன்’ என்பதாக மாறியதால் கரிகாலன் என்னும் பாத்திரம் துன்பியல் நாயகனுக்குரிய முழுமை பெறுகிறது. நூலில் அவன் பல கதைமாந்தருள் ஒருவன். படத்தில் அவனுடைய சாவே கதையின் சிகரம். மறுபுறம், வாக்குமூலங்களுக்குத் தேவையே இல்லாமற்போகிறது. மணிமேகலை படத்தில் இல்லாததற்குக் கால அளவு மட்டும் காரணமன்று என்பதை இங்கே உணரலாம். பொய்யான குற்ற ஒப்புதலே அவளுடைய பணி. உண்மையைப் பார்வையாளர் கண்ட பிறகு அப்பொய்க்குக் கதையில் வேலையில்லை. நூலின் இறுதிக் காட்சியோ அவளுடைய மரணம்தான். வந்தியத்தேவனின் மடியில் அவள் உயிர் பிரிவதோடு கல்கி கதையை முடிக்கிறார். அவளைத் தேடும் ரசிகர் ஒரு துணைப்பாத்திரத்தைத் தேடவில்லை. நூல் எந்த உணர்வில் தம்மை வழியனுப்பியதோ அதையே தேடுகின்றனர்.

சேந்தன் அமுதன் என்னும் விடுதலைத் தீர்ப்பு

ரசிகர் விவாதத்தில் மணிமேகலைக்கு அடுத்தபடியாக வரும் பெயர் சேந்தன் அமுதன். படத்தில் அவன் தோன்றுகிறான். ஆனால் நூலில் அவனுக்குள்ள பிறப்பு மறைபொருள் நீக்கப்பட்டுள்ளது. கல்கியின் கதையில், அரியணைக்கு ஆசைப்பட்டுச் சதியில் சிக்கும் மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் அல்லன். சிவனுக்குப் பூத்தொடுக்கும் எளிய இளைஞனான சேந்தன் அமுதனே உண்மையான இளவரசன். அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான்.

பிள்ளை மாற்றம் என்னும் இந்த உத்தியைப் பழைய கதைமரபின் எச்சமாகக் கருதி, படம் அதை நீக்கியது நன்று என்போர் பலர். கலைநோக்கில் அது ஏற்கத்தக்க வாதமே. ஆனால் 1935இல் சோழர் வரலாற்றை நூலாக்கிய நீலகண்ட சாஸ்திரியின் ஐயத்தையும் 1949இல் பண்டாரத்தார் தந்த மறுப்பையும் அடுத்து 1950இல் இத்தொடர் தொடங்கியது என்பதை நினைவிற் கொண்டால், இவ்வுத்தியின் வேறொரு முகம் புலப்படுகிறது. அரசாசை கொண்டவன் ஒருவன், அரசேற்றவன் மற்றொருவன். ஆகவே உத்தம சோழனின் கையில் கறையில்லை. புனைவின் வழியே வழங்கப்பட்ட விடுதலைத் தீர்ப்பு இது. கொன்ற கை எது என்பதைத் திறந்து விட்ட கல்கி, எந்தக் கை கொல்லவில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

படத்தில் ஒரே ஒரு மதுராந்தகனே உண்டு. அரியணைக்கு உரிமை கோருபவனும் அவனே, இறுதியில் அருள்மொழி விட்டுக்கொடுக்கும் முடியை ஏற்பவனும் அவனே. அவனது மனமாற்றமே அவனைக் கறையிலிருந்து காக்கிறது. வரலாற்றுச் சான்றுகளை நோக்க, இது நூலைக் காட்டிலும் எளிய, நம்பத்தக்க அமைப்பு. திருவாலங்காட்டுச் செப்பேட்டில் காணும் விட்டுக்கொடுத்தலுக்கும் இது நெருங்கி நிற்கிறது. ஆக, நூலிலிருந்து விலகும் ஓரிடம் சான்றுக்கு அருகே செல்வதும், கொலைக்காட்சியில் நூலின் இருளிலிருந்து விலகும் இடம் சான்றிலிருந்து அகன்று செல்வதும் ஒரே படத்தில் நிகழ்கின்றன. ‘நூலுக்கு உண்மை’ என்னும் ஒற்றை அளவுகோல் இவ்விரு விலகல்களையும் வேறுபடுத்திக் காட்ட உதவாது.

ரசிகர் வாதங்களின் மூன்று தளங்கள்

இப்பின்னணியில் ரசிகர்கள் முன்வைக்கும் வாதங்களை மூன்று தளங்களாகப் பகுக்கலாம். முதலாவது நினைவுத் தளம். வார இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்து அட்டை கட்டிய தொகுப்புகளாகவும், மணியம் வரைந்த சித்திரங்களோடும் இக்கதையைப் பெற்ற தலைமுறைக்கு, நந்தினியின் முகமும் வந்தியத்தேவனின் முகமும் முன்பே வரையப்பட்டுவிட்டன. அவர்கள் படத்தை நூலோடு ஒப்பிடுவதைவிடத் தம் மனத்திரையில் ஏற்கெனவே ஓடிய படத்தோடுதான் ஒப்பிடுகின்றனர்.

இரண்டாவது கதையமைப்புத் தளம். எந்தப் பாத்திரம் நீங்கியது, எந்த முடிச்சு முன்னதாக அவிழ்ந்தது என்னும் வாதங்கள் இதிற் சேரும். மேலே கண்டவாறு, ஒரு பாத்திரத்தின் நீக்கம் கதையின் வகையையே மாற்றிவிடும் என்பதைத் திறனாய்வுச் சொற்களின் துணையின்றியே ரசிகர்கள் கண்டுகொள்கின்றனர்.

மூன்றாவது சான்றுத் தளம். ‘உண்மையில் நடந்தது என்ன’ என்று கேட்போர் உடையார்குடிக்கே சென்றுவிடுகின்றனர். படம் வெளிவந்த காலத்தில் இவ்வூர்ப் பெயர் பொதுப்பேச்சில் புகுந்தது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் இத்தளத்திலேதான் இடரும் உள்ளது. ‘பிரமாதிராசன்’ என்பது அந்தண அதிகாரிகளுக்கு வழங்கப்பெற்ற பட்டம். இதனைப் பற்றிக்கொண்டு ஒரு சமூகத்தையே ஆயிரம் ஆண்டுக்குப் பின் குற்றக்கூண்டில் ஏற்றும் பேச்சும், அதற்கு மறுமொழியாகக் கல்வெட்டுச் சான்றையே புறந்தள்ளும் பேச்சும் ஒருசேர எழுந்தன. கல்வெட்டு குறிப்பிட்ட சில மனிதரைப் பெயர் சொல்லிச் சுட்டுகிறது. அவர்களின் நோக்கத்தைக் கூறவில்லை; பிறரைக் குறித்து ஒன்றும் கூறவில்லை. இரு தரப்பினரும் அந்த மௌனத்தைத் தத்தம் சொற்களால் நிரப்புகின்றனர்.

நூல் அறியாத் தலைமுறை

புலம்பெயர் சூழலில் இவ்விடர் கூர்மை பெறுகிறது. இலண்டனிலிருந்து இயங்கும் ஈழத்தமிழர் சுபாஸ்கரன் அல்லிராஜாவின் லைகா நிறுவனம் மெட்ராஸ் டாக்கீசுடன் இணைந்து தயாரித்த படம் இது. உலகெங்கும் உள்ள தமிழரை ஒரே வாரத்தில் சென்றடைந்தது. கல்கியின் படைப்புகள் 1999இல் நாட்டுடைமையானதால் நூல் மலிவாகக் கிடைக்கிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகளும் பல உள. எனினும் தமிழ் பேசப் புரிந்து, படிக்க அறியாத இளைஞர் பெருந்தொகையினர். அவர்களுக்குத் துணைத்தலைப்போடு கூடிய படமே முதல் நூல். பலருக்கு அதுவே இறுதி நூலும் ஆகலாம்.

இத்தலைமுறையினர் கரிகாலன் எவ்வாறு இறந்தான் என்பதைக் கண்ணால் கண்டவர்கள். கண்ணால் கண்டதற்கு அப்பால் ஐயம் எழுவதில்லை. அவர்களுடைய பாட்டனார் தலைமுறை ஐயத்தோடு வளர்ந்தது. யார் கொன்றிருப்பார் என்று தொடர் வந்த காலத்தில் வாரந்தோறும் வாதிட்டது; அதன் விளைவாகவே பலர் கல்வெட்டுகளையும் வரலாற்று நூல்களையும் நாடினர். நடுவரில்லாமை ஒரு குறையாக இராமல் கல்விக்கு வாயிலாக இருந்தது. படம் அளித்த தெளிவு அவ்வாயிலைச் சாத்திவிடுமோ என்பதே புலம்பெயர் நாடுகளில் தமிழ் வரலாறு கற்பிப்போரின் உண்மையான கவலை.

இதற்குப் படத்தைக் குறைகூறுவது மருந்தாகாது. வகுப்பறையில் மூன்று சான்றுகளையும் அருகருகே வைப்பதே செய்யத்தக்கது. முதலில் கொலைக்காட்சியைத் திரையில் காட்டி, அடுத்து நூலின் அப்பகுதியைப் படித்துக்காட்டி, இறுதியாகக் கல்வெட்டின் பாடத்தைப் பொருளுடன் தரலாம். ஒவ்வொன்றும் எதைத் தெரிந்ததாகக் கூறுகிறது, எதைக் கூறாது விடுகிறது என்று மாணவரையே பட்டியலிடச் செய்யலாம். பட்டியல் முடியும்போது, மிக உறுதியாகப் பேசுவது திரை என்பதும், மிகக் குறைவாகப் பேசுவது கல் என்பதும், இரண்டுக்கும் இடையே ஐயத்தைப் பேணுவது புதினம் என்பதும் அவர்களுக்கே விளங்கும். நூலறியா மாணவரும் இவ்வழியில் சான்றின் எல்லையைக் காணப் பழகுவர்.

முடிவுரை

புதினம் திரையாகும்போது எழும் ரசிகர் விவாதத்தைத் தழுவலின் தரம் பற்றிய தீர்ப்பாக மட்டும் கொள்ளாமல், அறிவு எவ்வாறு பகிரப்படுகிறது என்பது பற்றிய உரையாடலாகவும் கொள்ளவேண்டும். கல்கி வாசகருக்கு அளித்தது தீர்ப்பளிக்கும் இருக்கை. மணிரத்னம் அளித்தது சாட்சியின் இருக்கை. சாட்சிக்கு அனுபவத்தின் செறிவு கிட்டும். தீர்ப்பளிப்பவருக்கு ஐயுறும் உரிமை கிட்டும். படத்தைப் போற்றுவோரும் குறைகூறுவோரும் இவ்விருக்கைகளில் எதனை விரும்புகின்றனரோ அதற்கேற்பவே பேசுகின்றனர்.

இம்மூன்று ஆக்கங்களில் எதிலும் குரல் பெறாதவர்களும் உண்டு. உடையார்குடிக் கல்வெட்டின்படி உடைமை இழந்தோர் துரோகிகள் மட்டுமல்லர். அவர்தம் உறவினரும் இழந்தனர். கொலையில் அவர்களுக்கு என்ன பங்கு என்பதைக் கல் சொல்லவில்லை. புதினத்தின் கதையிலும் திரைப்படத்திலும் அவர்களுக்கு இடமில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வரும் நாம், அக்கொலைக்காக நிலமிழந்த அந்த உறவினர் யாவர், அவர்கள் எங்குச் சென்றனர் என்று கேட்கத் தொடங்கினால், ரசிகர் விவாதமும் வரலாற்றாய்வும் சந்திக்கும் புதிய இடம் ஒன்று கிடைக்கும்.